இத்தா வீட்டுப் பரசூட்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை சுலைஹா. புருஷன் மௌத்தாகி, துக்கம் காக்கிற இத்தாவில் இருந்தவள்.

அவளுடைய மாமியார் கதீஜா மாமி. மகனைப் பறிகொடுத்தவர். மருமகளுக்குக் காவல் இருந்தவரும் அவர்தான்.

மீன்கார தங்கராசா அண்ணன். பக்கத்துப் பாண்டிருப்பு ஆள். சைக்கிளோடு.

அசர் தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்த மௌலவி. அவரோடு வந்தவர்கள் ஏழு பேர். (ஏழு என்பது மாமியின் கணக்கு. நான் எண்ணவில்லை. நான் மண்ணில் குப்புறக் கிடந்தேன்.)

கடைசியாக நான், சுலைஹாவின் காக்கா. (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.)

நான் பதினொரு வருஷம் பரசூட் மடித்தவன். ஒருநாளும் குதித்ததில்லை. ஆனால் குதிக்க வந்த அத்தனை பேருக்கும் புத்தி சொன்னவன். இதை இப்போதே ஒத்துக்கொள்வது நல்லது.

அரபு நாட்டில் ஒரு இடம். ஒரு பக்கம் பாலைவனம், ஒரு பக்கம் கடல், நடுவில் விமானம் ஓடுகிற பாதை. காசுள்ள ஆட்கள் விமானத்தில் ஏறி, கதவைத் திறந்து, வெளியே பாய்வார்கள். இறங்கியதும் துணியை அள்ளிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். நாங்கள் மடித்துப் பையில் அடைத்துக் கொடுப்போம். அவர்கள் திரும்பப் போய்ப் பாய்வார்கள். இதுதான் வேலை.

("பாயிறதுக்கு அவங்களுக்கு ஆரு சம்பளம் குடுக்கிற?" என்று உம்மா போனில் கேட்டார். "அவங்கதான் உம்மா காசு கட்டிப் பாயிறாங்க" என்றேன். உம்மா நம்பவில்லை. நான் ஹோட்டலில் கோப்பை கழுவுகிறேன், அதை மறைக்கிறேன் என்று மௌத்தாகும்வரை நினைத்திருந்தார்.)

அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவன் நஸார். சுலைஹாவின் புருஷன். எனக்கு மச்சான். அங்கே மடித்தவர்களில் அவன் கைதான் நல்ல கை. துணியை நிலத்தில் விரித்துக் கயிறுகளை நீவி விட்டால் ஒன்றோடு ஒன்று படாமல் கிடக்கும். பையை மூடும்போது "பிஸ்மில்லா" என்று ஒரு தட்டுத் தட்டுவான். அவன் மடித்த பை ஒன்றும் வானத்தில் சிக்கினதில்லை.

புதிதாகக் குதிக்க வருகிறவர்களை அவன் சும்மா விடமாட்டான். அரைகுறை இங்கிலீசில் கேட்பான். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"சேர், நெஞ்சுப் பட்டி பூட்டினதா? கால் பட்டி? ரெண்டும்? பிடி எங்க இரிக்கி? கண்ண மூடிட்டுத் தொட்டுக் காட்டுங்க."

மாட்டும்போது ஒருதரம். விமானத்தில் ஏறமுன் ஒருதரம். கதவு திறக்கமுன் ஒருதரம். மூன்று தரம் தொட்டுப் பார்க்கச் சொல்லுவான். சிலர் சிரிப்பார்கள். அவன் சிரிக்கமாட்டான்.

பத்துத் தரம் குதித்ததும் ஆட்களுக்குச் சின்னத் துணியில் ஆசை வரும். சின்னத் துணி வேகமாகப் போகும், பார்க்க எடுப்பு. நஸார் கும்பிடாத குறையாகச் சொல்லுவான்.

"பெரிய துணி கொண்டுவந்து வைக்கும் சேர். சின்னத் துணி கொண்டுவந்து போடும்."

நிலத்துக்குக் கிட்ட வந்த பிறகு வளைக்காதீர்கள், நேரே வந்து இறங்குங்கள், விழுந்தாலும் நேரே விழுங்கள் என்பான். துணியை வெயிலில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள், வெயில் துணியைத் தின்னும் என்பான்.

என் பங்குக்கு நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். இறங்கின பிறகு காற்று இழுத்தால் என்ன செய்வது? அது என் பாடம்.

"ஒரு பிடியை மட்டும் இழுங்க சேர். மத்தக் கைய விடுங்க. துணி ஒரு பக்கம் சாஞ்சி செத்துப் போகும். ரெண்டையும் பிடிச்சிட்டு நிண்டா அது உங்களக் கூட்டிட்டுப் போகும். கயிறக் கையில சுத்தவே கூடா."

எத்தனை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். கேட்காமல் மணலில் இழுபட்டுப் போன வெள்ளைக்காரர்களைப் பார்த்து வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கேயோ பதிந்து கிடந்திருக்கிறது.

நஸார் ஒவ்வொரு நாளும் பொழுதுபட மஹ்ரிப் தொழுதுவிட்டுச் சுலைஹாவோடு போனில் கதைப்பான். வேறு கதை இல்லை. இன்றைக்கு யார் குதித்தான், எந்த நிறத் துணி, எப்படி விழுந்தான், என்ன பிழை விட்டான். அவள் விமானத்தைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஆனால் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

நானும் அவனும் ஒன்றாகத்தான் ஊருக்குத் திரும்பி வந்தோம். வரும்போது முதலாளி அவனுக்கு ஒரு பழைய துணி கொடுத்தார். மஞ்சளும் சிவப்பும். வயது போய்விட்டது, பாய உதவாது என்று அதில் மையால் எழுதியிருந்தார். நஸார் கடைசி நாள் அதையும் முறைப்படி மடித்துப் பையில் வைத்தான்.

"குப்பைத் துணிக்கு ஏன்டா இந்தப் பாடு?" என்றேன்.

"கைக்குப் பழகிட்டு மச்சான்" என்றான்.

அது சுலைஹா வீட்டு அலுமாரிக்கு மேல் அப்படியே இருந்தது.

ஊருக்கு வந்து அவன் தொடங்கின முதல் வேலை மதில். வீட்டு முற்றத்துக்கும் கடற்கரை வீதிக்கும் நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. மதில் இடுப்பளவு வந்தது. ஒரு பின்னேரம் சீமெந்து முடிந்தது. இன்னும் கொண்டுவரச் சொல்லிவிட்டு வரக் கடைக்குப் போனான். மோட்டார் சைக்கிளில் அஞ்சு நிமிஷம். ஹெல்மெட் போட்டான். பட்டி பூட்டவில்லை.

"பட்டி" என்று சுலைஹா படலையில் நின்று சொன்னாளாம்.

"கிட்டத்தானே" என்றானாம்.

சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வந்த ட்ராக்டர் சந்தியில் திரும்பியது. ஹெல்மெட் கழன்று தனியாக உருண்டு வடிகானுக்குள் கிடந்தது. நான்தான் எடுத்தேன். ஒரு கீறல் இல்லை.

இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியாது.

எங்கள் ஆட்களில் புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாசமும் பத்து நாளும் இத்தா இருக்கவேண்டும். வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. சுலைஹாவைப் பக்க அறையில் இருத்தினார்கள். யன்னலுக்குப் படுக்கைச் சீலை கட்டினார்கள். மேலே ஷீட் கூரை. கச்சான் காற்றுக் காலம் அது. மேற்கே வயல்வெளி எல்லாம் காய்ந்து, அந்தச் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு வரும். அறை அடுப்பு மாதிரிக் கிடந்தது.

கதீஜா மாமி சம்மாந்துறையிலிருந்து பெட்டியோடு வந்து இருந்துவிட்டார். அறை வாசலில் பாய் போட்டுப் படுத்தார். யார் வந்தாலும் "நில்லு, ஆரு?" என்பார். நான் கூடப்பிறந்தவன், போகலாம். என்னையும் ஒவ்வொரு நாளும் கேட்டார்.

சுலைஹா கதைக்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுவாள். அழவும் இல்லை. ஜனாஸா எடுத்த அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயம். "புள்ளைக்கு நெஞ்சு கல்லாப் போச்சு மனே" என்று மாமி என்னிடம் மெதுவாகச் சொன்னார். மாமி தானும் அழவில்லை என்பதை அவர் கவனித்திருக்கமாட்டார்.

ஒருநாள் சுலைஹா கேட்டாள்.

"காக்கா, முத்தத்துல கொஞ்ச நேரம் இருக்கோணும் போல இரிக்கி."

அவ்வளவுதான் கேட்டாள். முற்றத்தில் இருந்தால் இடுப்பளவு மதிலுக்கு மேலால் வீதியில் போகிற எல்லோருக்கும் தெரியும். மறைப்புக் கட்டவேண்டும். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? ஆறு தகரம் வாங்கி வந்து அடிப்பான். நான் அலுமாரிக்கு மேலே பார்த்தேன். வெளிநாட்டில் தொழில் பழகினவன் அல்லவா.

மாமி குறுக்கே வந்து நின்றார்.

"அதத் தொடாத மனே. அது என்ட புள்ள மடிச்ச மடிப்பு."

நான் கையை எடுத்துவிட்டேன். சுலைஹா அறைக்குள்ளிருந்து சொன்னாள்.

"திறங்க காக்கா."

"திறந்தா திரும்பி வராது புள்ள" என்றார் மாமி.

"மடிக்கிறதே திறக்கத்தான் மாமி. அவர் சொல்லுவார்."

மாமி விலகினார்.

முற்றத்தில் வைத்துப் பையைத் திறந்தேன். கயிறு ஒவ்வொரு வளையமாகக் கழன்று வந்தது. ஒரு சிக்கு இல்லை. கடைசி மடிப்பு விரிந்தபோது உள்ளேயிருந்து கொஞ்சம் மணல் கொட்டியது. அந்த நாட்டு மணல். எங்கள் கடற்கரை மணல் போல இல்லை, கோதுமை மா மாதிரி இருக்கும். மாமி குனிந்து அதைக் கையால் கூட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு தென்னைக்கு நடுவில், மதிலுக்கு மேலே கம்பி இழுத்தேன். இந்தத் துணிக்கு முன்பக்கம் ஒன்பது வாய் இருக்கும். வாய்க்குள் காற்றுப் போனால்தான் அது இறக்கை மாதிரி எழும்பும். வாய்களை மடித்து, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் மாட்டிக் கம்பியில் தொங்கவிட்டேன். கயிறுகளை ஒரு கட்டாகச் சேர்த்துத் தென்னையில் கட்டினேன். வாய்ப்பக்கத்தை வீட்டுப் பக்கமாகத் திருப்பினேன். கடல் காற்று அந்தப் பக்கத்தால்தானே வரும், வாய்க்குள் புகாது என்று கணக்குப் போட்டேன். கச்சான் வயல் பக்கத்தால், அதாவது வீட்டுப் பக்கத்தால் வரும் என்பதை யோசிக்கவில்லை. (கல்முனையில் பிறந்தவன்தான். என்னைத் திட்டவேண்டாம், திட்டவேண்டியவர்கள் திட்டிவிட்டார்கள்.)

மாமி வந்து பார்த்தார்.

"என்ன மனே இது, சர்க்கஸ் கட்டி இரிக்காய்? இத்தா ஊடா கந்தூரி ஊடா?"

"மறைப்பு மாமி."

"மறைக்கிற சாமான ஊரே வந்து பாக்கப் போகுது."

அதுதான் நடந்தது. கடற்கரை வீதியில் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். தங்கராசா அண்ணன் வேறு வீதியால் மீன் கொண்டு போகிறவர், அதற்காகவே இந்த வீதியால் வரத் தொடங்கினார்.

ஆனாலும் சுலைஹா முற்றத்தில் இருந்தாள். தென்னை நிழலில், பாயில், துணியைப் பார்த்துக்கொண்டு. முதல் நாள் ஒரு கோப்பைச் சோறு முழுக்கச் சாப்பிட்டாள். இரண்டாம் நாள் தானாகத் தேத்தண்ணி கேட்டாள். மாமி தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டார்.

நாலாம் நாள் பின்னேரம். மாமி உள்ளே அசர் தொழுதுகொண்டிருந்தார். வீதியில் ஆள் இல்லை.

"காக்கா, கடல் சத்தம் மட்டும் கேக்குது. கொஞ்சம் தெரியட்டும். ஒரு மூலையை மட்டும் இறக்குங்க."

நான் இறக்கினேன். அந்த மூலையில் கிளிப்புகளைக் கழற்றினேன். இரண்டு வாய் திறந்தது. இரண்டுதானே என்று நினைத்தேன். துணிக்கு உள்ளே ஒவ்வொரு அறைக்கும் நடுவில் ஓட்டை இருக்கும், ஒன்றில் காற்றுப் புகுந்தால் ஒன்பதும் நிறையும். இதை நானே ஆட்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். துணி இறங்கத் தென்னையில் கட்டின கயிற்றையும் அவிழ்க்கவேண்டி இருந்தது. அவிழ்த்து, வழுக்காமல் இருக்கப் பாதியை வலக்கையில் இரண்டு சுற்று, மீதியை இடக்கையில் இரண்டு சுற்று.

சுலைஹா கடலைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். நானும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கச்சான் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது.

கிளிப் எல்லாம் பட்பட்டென்று தெறித்தது. கம்பி அறுந்தது. துணி மதிலுக்கு மேலால் எழும்பி, முழுசாக விரிந்து, மஞ்சளும் சிவப்புமாக நின்றது. பதினொரு வருஷம் மடித்தவன் நான். கயிறு என் கையில் இருக்க அது விரிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வடிவாக இருந்தது.

பிறகு என் இரண்டு கையும் போனது. கையோடு நானும் போனேன்.

மதிலுக்கு மேலால் போனேன். நஸார் வைத்த கல் ஒவ்வொன்றும் என் வயிற்றில் தடவியது. இடுப்பில் உடுத்திருந்த என் சாரம் மதிலில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. (உள்ளே அரைக் காற்சட்டை இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.) வீதியைக் கடந்து கடற்கரை மணலில் முகம் உழுதுகொண்டு போனேன்.

தங்கராசா அண்ணன் அப்போதுதான் அந்த வீதிக்குத் திரும்பினார்.

"ஐயோ, காக்காவக் கொண்டு போகுது!" என்று சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் காலைப் பிடித்தார். பிடித்தவரும் கொஞ்சத் தூரம் வந்தார். பிறகு அவர் கையில் என் செருப்பு மட்டும் நின்றது.

"விடுங்க காக்கா! விடுங்க!"

"விட ஏலாது! சுத்தி இரிக்கி!"

அந்த நேரம் பார்த்துப் பள்ளியால் மௌலவியும் ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். காற்சட்டையோடு ஒருவன் மஞ்சள் துணிக்குப் பின்னால் கடலுக்குப் போகிறான். என்ன ஓதுவது என்று அவர்களுக்கு உடனே வரவில்லை.

அப்போது சுலைஹாவின் குரல் கேட்டது. அவள் உரத்துக் கத்துகிற குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

"ஒரு கைய விடுங்க காக்கா! ஒரு கைய விடுங்க! ஒரு பக்கம் இழுங்க!"

என் பாடம். எனக்கே.

நான் விடவில்லை. முடியவில்லை. அவள் மதிலைத் தாண்டினாள். வீதியைத் தாண்டினாள். வெள்ளை உடுப்போடு என்னைக் கடந்து ஓடி, துணியைச் சுற்றிக் கடல் பக்கம் போய், ஒரு ஓரத்தைப் பிடித்து அதன்மேல் விழுந்தாள். அந்தப் பக்கம் காற்று இறங்கியது. துணி சாய்ந்தது. நான் நின்றேன்.

நஸார் போனில் சொல்லிக் கொடுத்தது. அவள் அப்படியே செய்தாள்.

அவள் எழும்பினாள். தலைச்சீலை பின்னால் விழுந்திருந்தது. வீட்டுக்கு வெளியே, வீதிக்கு அப்பால், கடற்கரையில், இத்தாவில் இருக்கிற பெண். முன்னால் மௌலவி, ஏழு பேர், தங்கராசா அண்ணன்.

ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மௌலவியும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, முதுகைக் காட்டி, வரிசையாக நின்றார்கள். தங்கராசா அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவர் மீன் பெட்டியில் காகம் இறங்கியது. சத்தம் கேட்டும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

மாமி தொழுகை உடுப்போடு ஓடி வந்தார். மருமகளைப் பார்த்தார். ஆண்களைப் பார்த்தார். துணியின் ஒரு தலைப்பைத் தூக்கிச் சுலைஹாவுக்கு மேலால் எறிந்து, தானும் அதற்குள் புகுந்துவிட்டார்.

"அல்லாஹ்வே, எத்தின ஆம்புளையள்! எல்லாம் போச்சு புள்ள! மறுகா ஒண்டுல இருந்து எண்ணோணும்!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்றிலிருந்து. அந்த அறை, அந்தச் சீலை கட்டின யன்னல், அந்தக் கூரை, திரும்ப நாலு மாசமும் பத்து நாளும். நான் கட்டின கட்டுக்கு அவள் இருக்கவேண்டும். முகம் உரிந்ததெல்லாம் எனக்கு நோகவில்லை. அது நொந்தது.

துணி ஆடத் தொடங்கியது. காற்று இல்லை. சுலைஹா அழுகிறாள் என்று நினைத்தேன்.

"காக்காட சாரம் மாமி..." என்றது துணி. "மதில்ல தொங்குது... பாருங்க..."

சிரிக்கிறாள். மூச்சு வாங்காமல் சிரித்தாள். "வாய மூடு புள்ள, இத்தாவுல சிரிக்கிறதா" என்ற மாமியின் குரலும் பாதியில் உடைந்து சிரித்தது. ஆண்களில் ஒருவருக்குத் தோள் குலுங்கியது. முதுகைக் காட்டிக்கொண்டே குலுங்கினார்.

பிறகு உள்ளே சத்தம் மாறியது. எப்போது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு பேரும் அழுதார்கள். முதல் தடவையாக அழுதார்கள். "என்ட வாப்பா, என்ட வாப்பா" என்று மாமி மகனைக் கூப்பிட்டார். சுலைஹா பெயர் சொல்லவில்லை. "கிட்டத்தானே எண்டார் மாமி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாங்கள் நின்றோம். தோள் குலுங்கியவரும் சும்மா நின்றார். காகம் மீனைக் கொண்டு போனது.

கனநேரம் கழித்து மாமி துணிக்குள்ளிருந்து கேட்டார்.

"மௌலவி! இத்தா முறிஞ்சிட்டா?"

மௌலவி திரும்பவில்லை. முன்னால் நின்ற தென்னையைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"புள்ள ஏன் வெளிய வந்த?"

"இந்த மடையன் சாகப் போனான். காப்பாத்த வந்த."

"உண்மையாச் சாகப் போனானா?"

"ஓம்" என்றார் தங்கராசா அண்ணன், கண்ணை மூடிக்கொண்டே. "நான் பாத்தன் ஐயா. கடலுக்குள்ளதான் போயிருக்கும்."

"உயிரக் காப்பாத்த வெளிய வந்தா குத்தமில்ல" என்று மௌலவி தென்னையிடம் சொன்னார். "கெதியா உள்ள கூட்டிட்டுப் போங்க மாமி. எண்ணின இடத்துல இருந்தே எண்ணுங்க. முத்தத்துல இருந்தாலும் காத்து வாங்கினாலும் ஒண்டும் இல்ல. மறைப்பு மட்டும் ஒழுங்காக் கட்டச் சொல்லுங்க."

கடைசி வசனத்தை என் பக்கம் கொஞ்சம் திரும்பிச் சொன்னார் போல இருந்தது.

இரண்டு பேரும் அந்தத் துணிக்குள் ஒட்டி நின்றபடியே வீதியைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள். நான் பின்னால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு போனேன், காற்சட்டையோடு.

இப்போதும் நான் யாருக்காவது புத்தி சொல்ல வாயெடுத்தால் வீட்டில் ஒருவர் சொல்லுவார். "ஒரு கைய விடுங்க காக்கா." என் பெண்சாதிக்கும் அது பழகிவிட்டது. தங்கராசா அண்ணன் மீன் நிறுக்கும்போது முகத்தைத் தூக்காமல் கேட்பார். "இண்டைக்குக் காத்து எந்தப் பக்கம் காக்கா?" சுலைஹாவும் சிரிப்பாள். எல்லோரையும் விடப் பிந்தி, கொஞ்சமாக.

குதிக்கப் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். பட்டியைப் பூட்டுங்கள். கிட்டவாக இருந்தாலும் பூட்டுங்கள்.

அன்று மஹ்ரிபுக்கு முன் ஆறு தகரம் வாங்கி வந்து அடித்தேன். ஆணி எடுக்க உள்ளே போனபோது மாமி கலண்டருக்கு முன்னால் நின்றார். வாசிக்கத் தெரியாது. கட்டம் கட்டமாக விரலை வைத்து முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"மௌலவி சொல்லிட்டாரே மாமி" என்றேன்.

"ஒண்டும் விடுபடல்லையா எண்டு பாக்கிறன் மனே."

நான் ஆணியோடு நின்றேன். மருமகளின் இத்தாவுக்கும் மகன் போனதற்கும் ஒரே கணக்குத்தான். மாமி அன்றைய நாளின் கட்டத்தில் விரலை வைத்து, எடுக்காமல் சொன்னார்.

எழுபத்தொன்று.